ஒன்பது ஆண்டு ஓநாய்: ஆர்காடியா மலைநாட்டுப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, ஏதென்ஸ்

மனிதன் ஓநாயாக உருமாறும் கதைகள் பல நாடுகளில் உண்டு. ஆனால் அந்த மாற்றம் இன்ன மலையில், இன்ன பலிபீடத்தில், இன்ன குற்றத்தால் தொடங்கியது என்று இடம் சுட்டிச் சொல்லும் மரபு கிரேக்கத்தின் ஆர்காடியர்களுக்கு உரியது. பெலோபொன்னீஸ் தீபகற்பத்தின் நடுவிலிருக்கும் அந்த மலைநாட்டையும், ஓநாய்க் கதைகளின் தாயகமாகிய லிகாயோன் மலையையும் நேரில் பார்க்க வேண்டும் என்ற பல ஆண்டு ஆசை இந்த வாரம் நிறைவேறப் போகிறது. பேருந்து நாளைக் காலையில்தான் என்பதால் இன்றைய பொழுதைத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கழித்தேன்.

நான் தேடிச் சென்றது லிகாயோன் மலைக்கு அருகிலுள்ள லிகோசூரா கோயிலில் கிடைத்த ஒரு பளிங்குத் துண்டை. டெஸ்பொய்னா என்னும் பெண் தெய்வத்தின் மேலாடையின் ஒரு பகுதி அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமோபோன் என்னும் சிற்பி, துணி மடிந்து விழுவதைப் போலவே கல்லைச் செதுக்கி, அதன்மேல் வரிவரியாக நெசவுப் பூவேலையையும் செதுக்கியிருக்கிறார். கீழ் வரியைக் குனிந்து பார்த்தபோதுதான் நான் வந்த காரியம் கண்ணில் பட்டது. விரலளவே உயரமுள்ள உருவங்கள் அங்கே வரிசையாக ஆடுகின்றன. சில இசைக்கருவி வாசிக்கின்றன. உடுத்தியிருப்பது பெண்களின் நீண்ட ஆடை; தலைகளோ விலங்குகளின் தலைகள். செம்மறிக் கொம்பு ஒன்று நன்றாகத் தெரிந்தது. முகமூடி அணிந்த பக்தர்களா, விலங்காகவே மாறிவிட்டவர்களா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஓநாய்த் தலை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆயினும் மனிதருக்கும் விலங்குக்கும் இடையிலான வேலியை வழிபாட்டின்போது தாண்டிப் பார்க்கும் பழக்கம் அந்த மலைநாட்டில் இருந்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்றை நான் கண்டதில்லை.

மாலையில் அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய லைசியம் என்னும் பள்ளி இருந்த இடத்தையும் பார்த்தேன். 1996இல் கட்டுமானப் பணியொன்றின்போது வெளிப்பட்ட அகழ்விடம் அது. இப்போது புல்லுக்கும் லாவெண்டர் செடிகளுக்கும் நடுவே தாழ்ந்த சுவர் வரிகளாகக் கிடக்கிறது. லைசியம் என்ற பெயர் அங்கிருந்த அப்போலோ லிகேயோஸ் கோயிலிலிருந்து வந்தது. லிகோஸ் என்றால் கிரேக்கத்தில் ஓநாய். லிகேயோஸ் என்ற அடைமொழிக்கு ‘ஓநாய்க்குரியவன்’ என்று பொருள் கொள்வோர் உண்டு; ஒளியைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது என்போரும், லிகியா நாட்டுப் பெயரோடு தொடர்புடையது என்போரும் உண்டு. இதே சிக்கல் லிகாயோன் மலையின் பெயரிலும் இருக்கிறது. ஓநாய் மலையா, ஒளி மலையா என்ற அந்தக் கேள்வி பயணம் முழுவதும் என்னோடு வரும் என்று தோன்றுகிறது.

திங்கள், டிரிபொலி வழியாக மெகலோபோலி

கொரிந்துக் கால்வாயைக் கடந்ததும் சாலை மலை ஏறத் தொடங்கியது. டிரிபொலி நகருக்குத் தெற்கே, நெடுஞ்சாலைக்கு அப்பால், பல்லாந்தியோன் என்ற பழைய ஊரின் எச்சங்கள் உள்ளன. எவாண்டர் என்பவன் இந்த ஊரிலிருந்து புறப்பட்டு இத்தாலிக்குச் சென்று ஒரு குன்றில் குடியேறினான் என்றும், ரோமின் பலத்தீன் குன்று அவ்வூரின் பெயரையே பெற்றது என்றும் ரோமானியர் நம்பினர். ஆண்டுதோறும் பிப்ரவரி 15இல் அவர்கள் கொண்டாடிய லூபெர்காலியா விழாவுக்கும் மூலம் லிகாயோன் மலைதான் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். லூபுஸ் என்றால் லத்தீனில் ஓநாய். அந்த வரலாறு மெய்யோ பொய்யோ, ஓநாயைப் பற்றிய ஒரு சடங்குக்கு வேர் தேடிய ரோமானியர் ஆர்காடியாவைத்தான் நோக்கினர் என்பது முக்கியம்.

மெகலோபோலி சமவெளியில் முதலில் கண்ணில் படுபவை அனல்மின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்கள். பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நிலத்தைப் பெரும் படிகளாக வெட்டியிருக்கிறது. அதன் அருகே கிரேக்கத்தின் மிகப் பெரிய பழங்கால நாடக அரங்குகளுள் ஒன்று புல் மூடிக் கிடக்கிறது. கி.மு. 371இல் ஸ்பார்ட்டா தோற்ற பிறகு, தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸின் துணையோடு, சிதறிக் கிடந்த ஆர்காடியச் சிற்றூர்களை ஒன்றுசேர்த்து உருவாக்கப்பட்ட நகரம் இது. அரங்கின் கீழ்ப்படியில் அமர்ந்து பிளேட்டோவின் ஒரு பத்தியை மீண்டும் படித்தேன். மக்கள் தலைவனாக வந்தவன் கொடுங்கோலனாக மாறுவது எப்போது என்று விளக்கும் இடத்தில் அவர் கிரேக்கரின் தலைமைத் தெய்வமான ஜீயஸுக்கு லிகாயோனில் இருந்த கோயிலின் கதையை எடுத்தாள்கிறார்: மற்ற பலிகளின் குடல்களோடு கலந்திருக்கும் ஒரு துண்டு மனிதக் குடலைச் சுவைத்தவன் ஓநாயாக மாறியே தீருவான், அதுபோலத் தன் இனத்தவரின் குருதியைச் சுவைத்த தலைவனும் ஓநாயாகிறான். விளக்கம் எதுவும் தராமல் ஒரு வரியில் தொட்டுச் செல்கிறார் என்பதிலிருந்து, கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று கொள்ளலாம்.

நாம் திரையில் பார்த்துப் பழகிய ஓநாய் மனிதனிடமிருந்து இது எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பௌர்ணமி இல்லை, கடிபட்டுத் தொற்றுவது இல்லை, வெள்ளித் தோட்டா இல்லை. கடியால் பரவும் நோயாக இதைப் பரப்பியது 20ஆம் நூற்றாண்டுச் சினிமா. ஆர்காடியாவில் மாற்றத்தைத் தொடங்கி வைப்பது ஒரு கவளம் உணவு.

செவ்வாய், லிகோசூரா

காலையில் வாடகைக் காரில் மேற்கே சென்றேன். ஆலிவ் தோப்புகளும் ஓக் மரங்களும் சூழ்ந்த ஒரு சரிவில் டெஸ்பொய்னா கோயிலின் அடித்தளம் இருக்கிறது. கோயிலின் தென்புறச் சுவரில் ஒரு பக்கவாயில். அதற்கு எதிரே மலைச்சரிவில் நீண்ட கற்படிகள். மக்கள் அந்தப் படிகளில் நின்று எதைப் பார்த்தார்கள் என்று தெளிவாக எந்த நூலும் சொல்வதில்லை; அவை மறைச்சடங்குகள். டெஸ்பொய்னா என்பதும் ‘தலைவி’ என்று பொருள்படும் பட்டமே. தெய்வத்தின் உண்மைப் பெயரைத் தீட்சை பெறாதவர்களுக்குச் சொல்ல அஞ்சுவதாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பயணி பௌசானியாஸ் எழுதியிருக்கிறார்.

அவர் விட்டுச் சென்ற குறிப்புகளில் என்னை விடாமல் பற்றிக்கொண்ட ஒன்று உண்டு. கோயிலைவிட்டு வெளியேறும்போது வலப்புறச் சுவரில் ஒரு கண்ணாடி பதிக்கப்பட்டிருந்ததாம். அதில் பார்ப்பவருக்குத் தம் உருவம் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. தெய்வங்களின் திருவுருவங்கள் மட்டும் தெளிவாகத் தெரியும். ஏதென்ஸில் பார்த்த விலங்குத் தலை நடனம் இந்தச் சுவர்களுக்கு நடுவேதான் இருந்தது. தன் முகத்தை இழந்து நிற்கும் அனுபவத்தை இந்தக் கோயில் திட்டமிட்டே உண்டாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

லிகோசூராவைச் சூரியன் முதன்முதலில் கண்ட நகரம் என்றும், உலகின் நகரங்களிலெல்லாம் மூத்தது என்றும் பௌசானியாஸ் சொல்கிறார். அதை எழுப்பியவன் லிகாவோன் மன்னன். அவனே நம் கதையின் முதல் ஓநாய். பௌசானியாஸ் கேட்ட கதையில், ஏதென்ஸின் மன்னன் கெக்ரோப்ஸ் உயிர்ப்பலி வேண்டாம் என்று ஜீயஸுக்கு அப்பங்களைப் படைத்த அதே காலத்தில், லிகாவோன் ஒரு மனிதக் குழந்தையைக் கொண்டுவந்து பலியிட்டு அதன் குருதியைப் பீடத்தில் ஊற்றினான். ஊற்றிய உடனே ஓநாயானான். ரோமானியக் கவிஞர் ஓவிட் இதையே விருந்தாக மாற்றிச் சொல்கிறார். விருந்தினராக வந்திருக்கும் ஜீயஸ் உண்மையில் கடவுள்தானா என்று சோதிக்க, பிணைக்கைதி ஒருவனைக் கொன்று சமைத்துப் பரிமாறுகிறான் மன்னன். வீடு இடிந்து விழ, காட்டுக்கு ஓடியவன் பேச முயல்கிறான், ஊளைதான் வருகிறது. உடுத்திய துணி மயிராகிறது. ஆனாலும் அதே நரை, அதே கொடிய முகம், அதே ஒளிரும் கண்கள். வெளித்தோல் மாறியும் ஆள் மாறவில்லை என்ற அந்த வரிகளில்தான் பிற்காலத்து ஓநாய் மனிதன் முழு உருவத்தோடு பிறக்கிறான் என்பேன். விருந்தினரைத் தெய்வமாகப் போற்றச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அந்தக் குற்றத்தின் கனத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

புதன், லிகாயோன் மலை

விடியற்காலையிலேயே புறப்பட்டேன். ஆனோ கரியெஸ் என்ற சிற்றூரைக் கடந்ததும் சாலை குறுகி, வளைந்து வளைந்து ஏறி, திடீரென்று ஒரு சமதளப் புல்வெளியில் கொண்டுபோய் விடுகிறது. பழங்காலக் குதிரைப் பந்தயத் திடல் அது. கிரேக்க உலகில் இவ்வளவு முழுமையாக வடிவம் தெரியும் பந்தயத் திடல் வேறில்லை. லிகாயா என்ற பெயரில் இங்கே நடந்த விளையாட்டு விழா ஒலிம்பியாவுக்கு நிகரான பழமை கொண்டது என்ற பெருமை இவ்வூர் மக்களிடம் இன்றும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதே திடலில் அவர்கள் போட்டிகளை நடத்துகிறார்கள்.

சற்று மேலே ஹாக்னோ என்னும் ஊற்று. வறட்சி நீடித்தால் ஜீயஸின் பூசாரி ஓக் மரக் கிளையொன்றால் இந்த நீர்ப்பரப்பைத் தொட்டுக் கலக்குவாராம். ஆவி எழுந்து, மேகமாகி, மற்ற மேகங்களைச் சேர்த்துக்கொண்டு ஆர்காடியாவில் மழை பெய்யுமாம். இந்த ஓக்கும் நீரும் ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவுசெய்திருக்கும் ஓநாய்க் கதையிலும் வருகின்றன என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். ஆந்தஸ் என்பவரின் குடும்பத்தில் சீட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தெடுத்து ஒரு குளத்தருகே அழைத்துச் செல்வார்கள். அவன் தன் உடைகளை ஓக் மரத்தில் தொங்கவிட்டு, நீந்தி அக்கரை ஏறி, ஓநாயாகி, ஓநாய்க் கூட்டத்தோடு ஒன்பது ஆண்டுகள் வாழ்வான். அத்தனை காலமும் மனித மாமிசத்தைத் தொடாதிருந்தால் அதே குளத்துக்குத் திரும்பி வந்து, நீந்தி, மீண்டும் மனிதனாவான். உருவத்தில் ஒன்பது ஆண்டு மூப்பு மட்டும் கூடியிருக்கும். கிரேக்கர்கள் எதையும் நம்புவார்கள் என்று பிளினி கடிந்துகொள்கிறார். எனக்கோ இதுவே லிகாயோன் கதைகளில் மிக ஆழமானதாகப் படுகிறது. லிகாவோனுக்குத் திரும்பும் வழி இல்லை, இவனுக்கு உண்டு. உடை களைவது, நீரைக் கடப்பது, ஊருக்கு வெளியே ஆண்டுக்கணக்கில் வாழ்வது, ஒரு விலக்கைக் காப்பது, பிறகு பெரியவனாகத் திரும்புவது என்ற வரிசையைப் பார்த்தால், இளைஞர்களை ஆண்மக்களாக ஏற்கும் சடங்கொன்றின் நினைவு இது என்று ஆய்வாளர் பலர் கருதுவது பொருத்தமாகவே தெரிகிறது. பிளினி குடும்பத்தையும் சீட்டையும் சேர்த்துச் சொல்வதும் அதற்கு வலுவூட்டுகிறது: தண்டனைக்குச் சீட்டுப் போட வேண்டியதில்லை, முறைக்குத்தான் போட வேண்டும்.

உச்சிக்குக் கடைசித் தொலைவை நடந்தே ஏறினேன். இந்தத் தென்சிகரத்தை மக்கள் புனித எலியாவின் பெயரால் அழைக்கிறார்கள். தீத்தேரில் வானேறிய, மழையைக் கட்டவும் அவிழ்க்கவும் வல்ல அந்தத் தீர்க்கதரிசிக்குக் கிரேக்கத்தின் பல மலையுச்சிகள் உரியவை. ஜீயஸின் இடத்தில் அவர் அமர்ந்திருப்பது இயல்புதான். பலிபீடம் என்றால் செதுக்கிய மேடையை எதிர்பார்க்க வேண்டாம். பல நூற்றாண்டுகளாகக் குவிந்த சாம்பலே பீடம். மண் கருஞ்சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் அரிசியளவு வெந்த எலும்புத் துணுக்குகள் வெண்மையாகத் தெரிகின்றன. கிழக்கே இரண்டு தூண்களின் அடிக்கற்கள். அவற்றின்மேல் பொன்முலாம் பூசிய கழுகுகள் இருந்தன என்பார் பௌசானியாஸ். பெலோபொன்னீஸின் பெரும்பகுதியை இங்கிருந்து காணலாம் என்ற அவர் சொல்லை இன்று காற்றும் வெயிலும் மெய்ப்பித்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கத் தொல்லியலாளர் குருனியோட்டிஸ் இங்கே தோண்டினார். 2004 முதல் கிரேக்க, அமெரிக்க அறிஞர்கள் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தனர். சாம்பலில் கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை செம்மறி, வெள்ளாடுகளின் தொடை எலும்புகள், முழங்கால் சில்லுகள், வால் எலும்புகள். மனித எலும்பு இல்லை என்பதே நெடுங்காலம் கிடைத்த விடை. 2016ஆம் ஆண்டுக் கோடையில் அந்த விடை மாறியது. சாம்பல் மேட்டின் நடுவே, கல்வரிசைகளுக்கு இடையில், கிழக்கு மேற்காகக் கிடத்தப்பட்ட பதின்பருவ இளைஞன் ஒருவனின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. மண்டையோட்டின் மேற்பகுதி இல்லை. உடனிருந்த பானைகள் அதைக் கி.மு. 11ஆம் நூற்றாண்டில் வைக்கின்றன. பத்திரிகைகள் நரபலி உறுதியாகிவிட்டதாகவே எழுதின. அகழ்ந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. விலங்குகள் எரிக்கப்பட்ட இடத்தில் இவன் புதைக்கப்பட்டிருக்கிறான். அது பலியா, மதிப்புக்குரிய அடக்கமா என்பதை இந்த எலும்புகள் மட்டும் தீர்த்துவிட முடியாது. ஒரு சிறுவனின் சாவை நம் கதைக்கு வசதியான சான்றாக அவசரப்பட்டு மாற்றிக்கொள்ளக் கூடாது என்று அந்த மேட்டருகே நிற்கும்போது மிகவும் வலுவாகத் தோன்றியது.

பீடத்தை ஒட்டி, யாரும் நுழையக் கூடாத ஓர் எல்லை இருந்தது. உள்ளே சென்ற மனிதனுக்கும் விலங்குக்கும் நிழல் விழாது, சென்றவன் ஓராண்டுக்குள் இறப்பான் என்று நம்பினர். நிழல் விழாத இடம் என்ற நம்பிக்கையைப் பார்க்கும்போது, மலையின் பெயரை ஒளியோடு இணைப்பவர்கள் பக்கமும் மனம் சாய்கிறது. இரண்டு பொருளும் அந்தக் காலத்தவர் காதிலேயே சேர்ந்து ஒலித்திருக்கலாம். இந்தப் பீடத்தில் மறைவாக நடந்த பலியைப் பற்றித் துருவிக் கேட்கத் தமக்கு விருப்பமில்லை, அது தொடக்கம் முதல் இருந்தபடியே இருக்கட்டும் என்று பௌசானியாஸ் எழுதிவிட்டு இறங்கினார்.

புதன் இரவு, மலையடிவாரம்

இறங்கும் வழியில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்தேன். அரைகுறை ஆங்கிலம் தெரிந்த கடைக்காரரிடம், ஓநாய் மனிதனைப் பற்றி இந்த ஊரில் ஏதாவது பேச்சு உண்டா என்று கேட்டேன். அவர் மூலையில் இருந்த தம் தாயாரிடம் கேட்டார். “லிகாந்த்ரோபோஸ் எல்லாம் தொலைக்காட்சியில் வருவது, பிள்ளை. எங்கள் பாட்டி எங்களைப் பயமுறுத்தியது வ்ரிகோலாகாஸ் என்று சொல்லித்தான்” என்றார் அந்த அம்மா. அது ஓநாயா என்று கேட்டதற்கு, “ஓநாய்க்கும் அதற்கும் என்ன? அது செத்தவன். புதைத்தும் அடங்காதவன்” என்று சொல்லிச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

அவருடைய விடை இந்த ஆராய்ச்சியின் மிகச் சுவையான திருப்பம். வ்ரிகோலாகாஸ் என்பது ஸ்லாவிய மொழிகளிலிருந்து கிரேக்கத்துக்கு வந்த சொல். அதன் மூலத்தில் ஓநாயும் மயிர்த்தோலும் இருக்கின்றன. ஓநாய்த் தோலன் என்று கொள்ளலாம். செர்பியாவில் அந்தச் சொல்லே குருதி குடிக்கும் பிணத்தையும் குறிக்கலாயிற்று; கிரேக்கத்தில் ஓநாய் அறவே மறைந்து எழுந்து திரியும் பிணம் மட்டும் நின்றுவிட்டது. உலகின் முதல் ஓநாய் மன்னனைக் கொண்டாடிய நாட்டில், ஓநாயின் பெயரைச் சுமந்த சொல் ஓநாயை மறந்துவிட்டது.

மற்ற சொற்களையும் இங்கேயே குறித்துவிடுகிறேன். லிகாந்த்ரோபியா என்ற கிரேக்கச் சொல் மருத்துவர்களிடையே வழங்கியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் சீதே நகர மார்செல்லுஸ் அதை மனச்சோர்வு நோயின் ஒரு வகையாக விளக்கினார். நோயாளிகள் பிப்ரவரி மாதத்தில் இரவெல்லாம் வெளியே திரிந்து கல்லறைகளைச் சுற்றுவார்கள். முகம் வெளுத்து, கண் வறண்டு, நா உலர்ந்து, காலெல்லாம் புண்ணாகியிருக்கும் என்கிறார். சாபம் அல்ல, சிகிச்சை தேவைப்படும் நோய் என்று அவ்வளவு முன்னதாகவே ஒருவர் எழுதியிருப்பது மதிப்புக்குரியது. ரோமானியர் சொல் வெர்சிபெல்லிஸ், அதாவது தோலைத் திருப்பிக்கொள்பவன். மயிர் உட்புறமாக வளர்ந்திருக்கும் என்ற பிற்கால நம்பிக்கையோடு அது ஒத்துப்போகிறது. ஆங்கிலத்தின் வேர்வுல்ஃப் என்பதில் முன்பாதி ‘வெர்’, ஆண்மகன். லத்தீனின் விர், வடமொழியின் வீர, அதன்வழி நாம் வழங்கும் வீரன் ஆகியவற்றோடு ஒரே வேரைச் சேர்ந்தது அது. பின்பாதிக்கும் நம்மிடம் உறவுண்டு. வடமொழியில் ஓநாய்க்கு விருகம் என்று பெயர். கிரேக்க லிகோஸ், ஆங்கில வுல்ஃப் ஆகியவற்றின் உடன்பிறப்பு. வில்லிபாரதம் படித்தவர்கள் வீமனுக்கு விருகோதரன் என்ற பெயர் இருப்பதை அறிவார்கள். ஓநாய் வயிற்றன், தீராப் பசியன். இதை மிருகம் என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

வியாழன், ஒலிம்பியா

ஆந்திரிட்சைனா வழியாக மலைச்சாலையில் மேற்கே வந்தேன். பஸ்சையில் 1987 முதல் பெருங்கூடாரத்துக்குள் காக்கப்படும் அப்போலோ கோயிலை அரை மணி நேரம் பார்த்தேன். தனிக் கட்டுரைக்குரிய இடம் அது.

ஒலிம்பியாவுக்கு நான் வந்தது ஒரு குத்துச்சண்டை வீரனுக்காக. வென்றவர்களின் சிலைகள் நிறைந்திருந்த அல்திஸ் தோப்பில், ஆர்காடியாவின் பர்ராசியாப் பகுதியைச் சேர்ந்த தமார்க்கோஸின் சிலையைப் பௌசானியாஸ் பார்த்தார். அவன் லிகாயோன் ஜீயஸின் பலியின்போது ஓநாயாக மாறி, பத்தாம் ஆண்டில் மீண்டும் மனிதனாகி, பின் ஒலிம்பிக்கில் வென்றவன் என்று மக்கள் பேசிக்கொண்டனர். பிளினியும் இதே கதையைத் தெமைனெத்துஸ் என்று பெயர் மாற்றிச் சொல்கிறார். இன்று அந்தத் தோப்பில் பைன் மர நிழலில் பீடக் கற்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

லிகாவோன் ஓநாயானதை நம்புவதாக எழுதிய அதே பௌசானியாஸ் இங்கே மறுக்கிறார் என்பது கவனிக்கத் தக்கது. தெய்வங்கள் மனிதரோடு ஒரே பந்தியில் அமர்ந்த பழங்காலத்தில் எதுவும் நடந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அண்மைக் காலத்து வீரன் ஒருவனைப் பற்றி அப்படிச் சொல்ல அவர் ஒப்பவில்லை. அவர் காட்டும் காரணம் எளிமையானது. அப்படி நடந்திருந்தால் ஆர்காடியர்களே அதைச் சிலையில் பொறித்திருப்பார்கள். பொறிக்கப்பட்டிருந்ததோ, இச்சிலையை வைத்தவன் தினித்தாஸின் மகன் தமார்க்கோஸ், பிறப்பால் ஆர்காடியாவின் பர்ராசியன் என்பது மட்டுமே.

எனக்கு அந்தக் கல்வெட்டின் அமைதி வேறு விதமாகப் படுகிறது. ஒன்பது ஆண்டுகள் மலையில் கழித்துத் திரும்பி வந்தவனை ஊர் மீண்டும் ஏற்றுக்கொண்டால், தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் அவனுக்குப் போதும். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நீதிமன்றங்கள் அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிட்டன. இன்றைய பிரான்ஸின் டோல் நகரில் 1574இல் கில் கார்னியேவும், ஜெர்மனியின் பெட்பர்க்கில் 1589இல் பீட்டர் ஸ்டும்ப்பும் ஓநாயாகிக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். ஓநாய் உருவம் அங்கே சாத்தானோடு செய்த உடன்படிக்கைக்குச் சான்று. வடக்கே, இன்றைய லாத்விய, எஸ்தோனியப் பகுதியான லிவோனியாவில் மட்டும் 1691இல் தீஸ் என்ற முதியவர், தாமும் தம் கூட்டாளிகளும் கடவுளின் வேட்டைநாய்கள் என்றும், ஓநாய் உருவில் நரகத்துக்குச் சென்று, சூனியக்காரர்கள் திருடிய விளைச்சலை மீட்டு வருவதாகவும் நீதிபதிகளிடம் தயங்காமல் சொன்னார். போய்த் திரும்பும் ஓநாயை அவர் இன்னும் மறக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது கசையடி. அந்த வழக்கின் பதிவு முழுமையாகக் கிடைக்கிறது. அடுத்த பயணம் லாத்வியாவுக்கு.